உன் கைக்குப் போன என் காப்பு

நேற்று நம் கோயிலில் காப்புக் கட்டினார்கள். பூசாரி மஞ்சளில் நனைத்த நூலை என் இடது மணிக்கட்டில் சுற்றும்போது அந்த ஈர மஞ்சள் வாசனை வந்தது. பழைய முறிவும் கூடவே விண்விண்ணென்றது. இந்தக் கையின் குணம் என்கூடவே பால் வெட்டிய கூட்டாளி உனக்குத்தான் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நான் கை முறித்துக்கொண்ட அந்த வருடம் காப்புக் கட்டியது எதற்கென்று நீ கடைசிவரை கேட்கவில்லை. உன் கழுத்தில் கட்டி வந்து, பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்த நேரம் அது. நீ பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு றப்பர் பால் வெட்டினாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அது கெட்ட கட்டியாக இல்லாவிட்டால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று கோயில் ஆத்தாளிடம் நேர்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால், உனக்கு வேறு வேலை இல்லையா என்று என்னைக் கேலி பண்ணியே கொன்றிருப்பாய்.

காப்போடுதான் மலையில் வழுக்கினேன். பால் வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊன்றிய கை அகப்பைக் காம்புபோல வளைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். போனால் வார்டில் படுக்க வைப்பார்கள், நூலை வெட்டுவார்கள். காப்புக் கட்டியவள் திருவிழா முடியும்வரை தோட்ட எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது, நூலையும் கழற்றக்கூடாது. கழற்றினால் உன் கழுத்துக்கு என்ன ஆகும்? ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், படுத்துவிட்டேன். விரதக்காரிக்கு மாத்திரை ஆகாது என்று நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடமெல்லாம் இல்லை என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவளுக்குத்தானே நம் லயத்தில் நல்ல பெயர்.

மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நீ வந்தாய். துணியை அவிழ்த்ததும் உன் முகம் மாறிவிட்டது. வீங்கிய சதைக்குள் நூல் புதைந்து கிடந்தது. விரல்கள் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தன.

"வெரல ஆட்டு."

ஆட்ட முடியவில்லை. நீ போய்ப் பால் வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்தாய்.

"நூலத் தொட்டேன்னா கொன்னுபோடுவேன்" என்று கையை இழுத்தேன். இழுத்த வேகத்தில் என்னை மீறி அலறிவிட்டேன்.

"வலிக்குதுல்ல? அப்ப வாயத் தொறந்து சொல்லு" என்று மட்டும் சொன்னாய்.

வாசலில் நின்ற பெண்கள் யாரும் உள்ளே வரவில்லை. ஆத்தா நூலில் கத்தி வைப்பவளுக்குத் துணை நிற்க யாருக்குத் தைரியம் வரும்? நீ நுனியைச் சதைக்கும் நூலுக்கும் நடுவே மெல்ல நுழைத்தாய். கொஞ்சம் பிசகினால் நரம்பு போய்விடும். உன் நெற்றி வியர்வை என் கையில் சொட்டியது. நூல் அறுந்தது. அதை நீ கீழே போடவில்லை. உன் இடது கையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாய்.

"இனி இது என் நேர்த்திக்கடன். சட்டிய நான் எடுக்கிறேன். நீ ஆட்டோவுல ஏறு."

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர், முறிந்த இடத்திலேயே ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் எலும்பை இழுப்பேன், வலித்தால் சொல்ல வேண்டும் என்றார். ஊசி போட்டுச் சற்றுப் பொறுத்து, கையை அழுத்தி, வலிக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டி இல்லை என்றேன். அவர் இழுப்பதற்கு என் கையைப் பிடித்துவிட்டார்.

"பொரு டொக்டர், ரிதெனவா" என்று குறுக்கே விழுந்தாய். பொய் சொல்கிறாள், வலிக்கிறது, அவள் கால் விரலைப் பாருங்கள் என்று காட்டினாய். என் விரல்கள் சுருண்டு கிடந்தன. டொக்டர் கையை விட்டார். மருந்து ஏறும்வரை காத்திருந்து, மறுபடி அழுத்திப் பார்த்த பிறகுதான் இழுத்தார். இழுப்பு தெரிந்தது; உயிர் போகவில்லை. மாவுக்கட்டுப் போட்டு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொன்னார். வலி ஏறும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும், விரல் நீலமானால் உடனே கூப்பிட வேண்டும் என்றார். நான் கேட்டேனோ இல்லையோ, நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய்.

இருட்டுமுன் பஸ் ஏறிவிட்டாய். எல்லைக்கு வெளியே தங்கக்கூடாதவள் இப்போது நீதானே. உனக்கான நேர்த்தி என்று தெரியாமலே அதைச் சுமந்துகொண்டு போனாய். வார்டில் கிடந்து அதற்குத்தான் அழுதேன், கைக்கு அல்ல. உன் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. சட்டியை நீ எடுத்தாய். கழுத்தில் கட்டிய தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உன் பின்னால் நடந்தேன்.

போன மழையில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுத்தபோது யாரிடமும் மூச்சு விடாமல் மலைக்குப் போயிருக்கிறாய். என் கால் விரலைப் பார்த்து என் பொய்யைப் பிடித்தவள், உன் காலை ஒருவருக்கும் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

நேற்றுப் பூசாரி முடிச்சை இறுக்கினார். "வலிக்குது சாமி, தளத்திக் கட்டுங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கு நேர்த்தி என்று பூசாரி கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். போனவளுக்கு நேர்த்தி கிடையாதே என்றார். இது பழைய பாக்கி, அந்தச் சட்டியை நான்தான் எடுத்திருக்க வேண்டும் என்றேன்.

நூலைத் தளர்த்திக்கொண்டே என் கோணல் மணிக்கட்டைப் பார்த்தார். "இந்தக் கை தாங்குமா?"

"வலிச்சா சொல்றேன் சாமி" என்றேன்.