பானைக்கு முட்டுக் கொடுத்த காரைத் துண்டு

என் பிரியமான அண்ணே,

நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது துக்கத்தால் இல்லை, வெட்கத்தால்.

நகரின் நடுவே கியாக்டடாப் பகுதியில் அந்தப் பழைய கட்டடத்தை நீங்கள் பழுதுபார்த்தபோது, உங்கள் சுண்ணாம்புக் காரையைச் சோதிக்க எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள். தங்கை கைக்குத்தானே போகிறது என்று நிம்மதியாக இருந்தீர்களாம். நான் ஒரு துண்டை அழுத்தி விரிசல் விடவைத்தேன், மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கட்டிகள். சரியாகக் கலக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதுதான் என் கவலையெல்லாம்.

நீங்கள் சண்டை போடவில்லை. "சுட்ட சுண்ணாம்ப முன்னாடியே தண்ணி ஊத்தி நீத்தாம, சூட்டோட கலந்தா கட்டி நிக்கத்தான் செய்யும் தங்கச்சி. அது கெடுதல் இல்ல," என்றீர்கள். புத்தகத்தில் அப்படி இல்லையே என்றேன். வேலை கைமாறியது. அதற்குப் பிறகு யாரும் உங்களைச் சுண்ணாம்பு வேலைக்குக் கூப்பிடவில்லை. விரிசல் விட்ட துண்டை மட்டும் கேட்டு வாங்கிப் போனீர்கள்.

போன மாதம் இணையவழிப் பயிற்சி ஒன்றில், பழங்கால ரோமானியச் சுவர்களின் காரையை ஆராய்ந்த படங்களைக் காட்டினார்கள். அதே வெள்ளைக் கட்டிகள். அவற்றையும் வெகுகாலம் அரைகுறைக் கலவை என்றே நினைத்தார்களாம். சூட்டோடு கலந்ததால் நின்றவை, விரிசலில் தண்ணீர் இறங்கினால் கரைந்து அதை அடைப்பவை என்று இப்போது சொல்கிறார்கள். அவர்களும் சுட்ட மண்ணைப் பொடித்துச் சேர்த்திருக்கிறார்கள், நீங்கள் பானை வனையும் ஊரான த்வாண்டேயிலிருந்து உடைந்த பானைகளை மூட்டையாகக் கொண்டுவந்து இடித்தீர்களே, அதுபோல. கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் துண்டைக் கேட்டேன். தண்ணீர்ப் பானைக்கு அடியில் முட்டாக இருந்ததைக் காட்டினார்.

"அவுகதான் வச்சாக. ஈரம் படட்டும், எடுக்காதேன்னாக."

கழுவிப் பார்த்தேன். நான் போட்ட விரிசல் விரலுக்குத் தட்டவில்லை. அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும்.

ஏன் அண்ணே என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை? நானாக வந்து கேட்பேன் என்று இருந்தீர்களா? இரண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன்?

ஒரு துண்டு எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது, தெரியும். ஆனால் என் அறிக்கை அவசரத்தில் எழுதிய தவறு. அதை என் பெயரிலேயே எழுதிக் கொடுப்பேன். உங்களோடு வேலை செய்தவர்களிடமும் நானே போய்ச் சொல்வேன். துண்டைச் சோதனைக்கு எடுத்து வரவில்லை. பானைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். இந்த ஒரு தடவை உங்கள் வார்த்தை போதும்.

கேட்க வேண்டிய நாளில் கேட்காத உங்கள் தங்கச்சி,
மல்லிகா