பாஸ்காவுக்குப் பிறகும் சுத்தபோசனம்

திண்டுக்கல்,
20-4-1964

அன்பு மகள் அல்போன்சாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், பம்பாயில் நீயும் உன் ஆஸ்பத்திரித் தோழிகளும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். நீ அனுப்பிய பார்சல் வந்தது. டெரிலின் சட்டை, பிளாஸ்டிக் செருப்பு இரண்டும் அளவு சரியாகத்தான் இருந்தன. தோல்தானே வேண்டாம் என்கிறீர்கள், இதில் தோல் இல்லையே, என் கல்யாணத்தன்றைக்கு மட்டுமாவது போட்டுக்கொள்ளுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். போட மாட்டேன் மகளே. கோபத்தில் சொல்லவில்லை, பொறுமையாகப் படி.

நம் வீட்டுக்குப் பால் கறக்க வரும் பொம்மையனை உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அவன் மாட்டின் கன்று செத்துப்போனது. அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் நிறுத்தினான். அது நக்கிக்கொண்டே பால் விட்டது. கழுத்துப் பக்கம் தையல் விட்டு வைக்கோல் எட்டிப் பார்த்தது, பசியோ என்னவோ, நக்கிக்கொண்டிருந்த மாடே அந்த வைக்கோலை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. பொம்மையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது இல்லேன்னா மாடு பாலை இறக்காது வாத்தியாரய்யா, நான் என்ன செய்ய?" என்றான். அவனை என்ன குறை சொல்வது? என் கையில் பால் செம்பு, என் காலில் செருப்பாக அதே மாட்டுத்தோல். அன்றைக்கு இரண்டையும் விட்டேன், கறியையும் விட்டேன். இப்போது சுக்கு மல்லிக் காப்பியும் டயர் செருப்பும்தான். உன் அம்மா என் எதிரிலேயே பால் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறாள், குடிக்கட்டும்.

அப்படியானால் பிளாஸ்டிக்கில் என்ன பாவம் என்று கேட்பாய். உதாரணம் இல்லாமல் நான் பாடம் நடத்தியதில்லை, உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் போன நாளில் தொலைத்துவிட்டு அழுதாயே சிவப்புப் பிளாஸ்டிக் சீப்பு, அது கொல்லைக் குப்பைக்குழியில் கிடைத்தது. என் பழைய வேட்டி, வாழைமட்டை, சாணம் எல்லாம் எருவாகிக் கத்திரிச் செடிக்குப் போய்விட்டன, அந்தச் சீப்பு மட்டும் ஒரு பல்கூட விழாமல் சிரித்தது. மண்ணே வேண்டாமென்று துப்பியதை நான் காலில் மாட்டுவதா? டெரிலின் சட்டையும் பிளாஸ்டிக் நூல்தானே, அதையும் ஒருநாள் போட்டுத்தான் பார்த்தேன். சித்திரை வெயிலில் வேர்வை இறங்க வழியில்லாமல் முதுகெல்லாம் தடித்துப்போனது. அம்மா இஸ்திரி போடும்போது ஒரு கங்கு தெறித்தது, பருத்தியாக இருந்தால் கருகும், இது மெழுகாக உருகிக் கண்ணைக் கரிக்கும் புகை விட்டது. நாகல் நகர்த் தறியில் சாயம் போடாத நாலு முழ வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன், எனக்கு அது போதும்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அகரத்திலிருந்து உன் வருங்கால மாமியார் ஆரோக்கியம்மாள், உனக்குப் பேசியிருக்கும் மகன் பவுல்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும், "என்ன சம்பந்தி, தபசு நாளெல்லாம் போயி பாஸ்காத் திருநாளும் முடிஞ்சு ஊரே கறி திங்குது, ஒங்களுக்கு மட்டும் இன்னும் சுத்தபோசனம் முடியலையாக்கும்?" என்று ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைக்குக் கறியை மட்டும் விட்டால் போதும் என்பது கோயில் சட்டம், நான் எல்லாக் கிழமைக்கும் பாலையும் சேர்த்துக்கொண்டேன் என்றேன். "அய்யலூர்ச் சந்தையில ஆடு பிடிச்சுப் பிரியாணி போடலைன்னா எங்க சனம் பந்தியில ஒக்காராது. மாப்பிள்ளைக்கும் தோல் ஷூ இல்லாம ஒங்க டயர் செருப்பையா மாட்டிவிடுவீக?" என்றார். கோயில் வாசலில் எல்லாரும் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறோம், பீடத்தில் யார் ஷூவைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வரவில்லை. "அப்ப கல்யாணத்தை நிப்பாட்டிக்குவமா?" என்று எழுந்துவிட்டார். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் இல்லை நானும் இல்லை, பிள்ளைகள்தான் என்றேன். பவுல்ராஜ் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

அவர்கள் போனபிறகு உன் அம்மா, "நீங்க சந்நியாசியாப் போங்க, எம்மகளை எதுக்கு இழுக்குறீக?" என்று அழுதாள். அந்தக் கேள்வி நியாயமானது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கூறைப் பட்டு அவர்கள் எடுப்பது, உடுத்துவது உன் இஷ்டம், பட்டுப்புழுவை வெந்நீரில் போடுவதைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டேன். விருந்து மட்டும் என் கையால் போடுவது. கத்திரிக்காயும் மொச்சையும் தேங்காய்ப்பால் பாயசமும் இலை நிறையப் போடுகிறேன், யாராவது பசியோடு எழுந்தால் என்னைக் கேள். ஆட்டுக்கு என் கை நீளாது. தாய் பேசும்போது வாய் திறக்காத பவுல்ராஜ் உனக்கு என்ன சொல்கிறான் என்று நீயே எழுதிக் கேள். அவனோடு வாழப்போகிறவள் நீ, இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்பத்திரி விடுதியில் ஸ்டவ் பற்றவைக்கும்போது நைலான் சேலையோடு பக்கத்தில் போகாதே, இது மட்டும் அப்பாவின் உத்தரவு. உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். நீ பட்டு உடுத்தினாலும் பருத்தி உடுத்தினாலும் உன் கையைப் பிடித்துப் பீடம் வரை வருவேன். இந்தக் கல்யாணமே வேண்டாமென்று நீ சொன்னால் பம்பாய்க்கு ரயிலேறி வந்து உன் பக்கத்தில் நிற்பேன். ஆடு பிடிக்க அய்யலூருக்கு மட்டும் போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மிக்கேல்ராஜ்