ஆவிலா மதிலைச் சுற்றி வந்த நைனாவுக்கு

நைனா,

உன் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. 'சாமை விதைக்கிற மனுஷனுக்கு இன்னா ஸ்டைலு!' என்று தனியாகச் சிரித்தேன். தம்பி பொண்டாட்டி செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மலைமேல் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் ஸ்பெயினுக்குப் போன புதிதில் ஆவிலா என்ற ஊர்ப்பெயர் உன் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆயிற்று. ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலோரம் நடந்தபடி உன்னை வீடியோவில் கூப்பிடுவேன். பழைய ஊரைச் சுற்றிக் கல்மதில், எண்பதுக்கு மேல் கொத்தளங்கள், ஒன்பது வாசல்கள். பெரிய தேவாலயத்தின் பின்பக்கமே மதிலில் ஒரு கொத்தளம் என்று காட்டினேன். "சாமியையும் காவலுக்கு நிக்க வச்சிட்டானுங்களா!" என்றாய்.

அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையையும் உனக்குச் சொன்னேன். ஆண்கள் வெளியூர் போயிருந்த நேரத்தில் எதிரிப் படை வந்ததாம். பெண்கள் தொப்பி போட்டு, தாடி ஒட்டிக்கொண்டு மதில்மேல் நிற்க, படை பயந்து திரும்பிவிட்டதாம். "உங்கம்மா இருந்திருந்தா தாடியே வேணாம்மா, அவ கொரலே போதும்" என்று நீ சொல்ல, நான் நடுத்தெருவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

கடைசி இரண்டு வருடத்தில் உன் கேள்விகள் மாறின. "கல்ல தொட்டுப் பாரு, சொரசொரப்பா வழவழப்பா? காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" கொல்லைக்கு வரப்புக்கல் அடுக்கிய கை, அதனால் கேட்கிறாய் என்று நினைத்தேன். கிழக்கு மதிலில் ரோமானியர் காலத்துக் கல்லறைக் கற்களும் இருக்கின்றன என்றதும், "செத்தவன் கல்ல எடுத்தா கட்னாங்க? பாவம்மா, அத மெதுவா தொடு" என்றாய். தொட்டேன்.

அந்தக் குளிர்காலத்து ஞாயிறு மட்டும் வந்திருக்கவே கூடாது. விரல் விறைத்துப்போக, பெரிய வாசலின் இரட்டைக் கோபுரத்துக்கு நேராக உனக்காக ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீயோ, "இப்ப எந்த வாசலாண்ட இருக்கே?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாய். எரிச்சலில் கத்திவிட்டேன்.

"காட்டிக்கினுதானே கீறேன்! கண்ணு இன்னா பொட்டையா நைனா?"

"வயசாச்சு கண்ணு. நீயே சொல்லேன்" என்று சிரித்தாய்.

அப்போதே உனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டிருந்தது என்று இன்று செல்வி சொன்னாள். நரம்பு செத்துப்போச்சு, இனி திரும்பாது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கு அங்கே தங்கும் அனுமதி வராத காலம் அது. கிளம்பி வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று, வீட்டில் அத்தனை பேர் வாயையும் கட்டிவிட்டாய். நான் கூப்பிடும்போது செல்வி அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனை உன் முகத்துக்கு நேராகப் பிடிப்பாளாம், நீ என் குரல் வந்த பக்கம் பார்ப்பாயாம். அனுமதி வந்தபோது நீ இல்லை. உன் காரியத்துக்குக்கூட நான் வரவில்லை.

எனக்கு உன்மேல் கோபம்தான் நைனா. மறைத்ததற்குக் கோபம். நான் அப்படிக் கேட்டதற்கு நீ திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? செல்வியிடம் அழுதுகொண்டே கேட்டேன்: "அன்னிக்கு ரொம்ப நொந்துட்டாரா?"

"நொந்தாரா? நல்லா கேட்டீங்க அண்ணி! ஃபோன வச்சதும் தொடையில தட்டிச் சிரிச்சாரு. 'பாத்தியா செல்வி, எம் பொண்ணுக்குத் துளிகூட சந்தேகம் வர்ல. இனிமே அவ நிம்மதியா இருப்பா'ன்னாரு. அன்னிக்கி ரெண்டு வாய் சோறு சேத்து சாப்ட்டாரு."

அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். அந்த மதிலோரம் நடக்கையில் என் வாய் சும்மா இருக்காது. இது எந்த வாசல், கல் எப்படி, காற்று எங்கிருந்து என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள் நைனா.