நொச்சித் தண்ணீரும் உங்கள் இடது முழங்காலும்

அத்தான்,

அடுக்களையில் அக்கா நொச்சி இலை வேகவைக்கிறாள். ஒரு வாரமாக அவளுக்கு முழங்கால் வலி. அந்த வாடை கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வாசலிலும் அதே வாடை. எங்கே போய் ஒளிவது? பேசாமல் தாளை எடுத்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு வருடமாகிறது. படிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அக்காவை நீங்கள் கட்டியபோது பட்டாளத்தில் பாராசூட் கட்டிக் குதிக்கிறவர். கல்யாணத்தன்று உங்கள் காலைக் கழுவியவன் நான். பெண்ணின் தம்பி செய்ய வேண்டிய முறை. சொம்புத் தண்ணீரை ஊற்றியபோது குனிந்து என் காதில், "மெதுவா மாப்ளே, ஆகாசத்துலேருந்து எறங்குன காலு இது" என்றீர்கள். அந்தப் பேச்சில் மயங்கித்தான் நானும் பட்டாளத்தில் சேர்ந்தேன். நான் சேர்ந்த வருடமே நீங்கள் வேலையை விட்டுவிட்டுக் கண்டரமாணிக்கத்தில் கடலை போட வந்துவிட்டீர்கள்.

எட்டு வருடம் வரப்பில் நடந்தீர்கள். விமானச் சத்தம் கேட்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நிற்பீர்களாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பழைய ஆட்களில் விருப்பப்பட்டவர்கள் திரும்ப வரலாம் என்று பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தபோது நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். வடக்கே குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அப்போது நான் பயிற்சியாளன். "ஆகாசத்துல மெதந்தவனுக்கு வரப்பு பத்தாது. என்னயத் தேத்தி விடு மாப்ளே" என்று கேட்டீர்கள்.

கானாடுகாத்தானுக்கு அந்தப் பக்கம் உலகச் சண்டைக்காலத்து ரன்வே வெடித்துக் கிடக்குமே, அங்கே வண்டியைக் கொண்டுபோய் மாட்டை அவிழ்த்தோம். முட்டுக்கொடுத்த வண்டியின் மேல் ஏறி நின்று குதித்தீர்கள். பாதமும் முழங்காலும் சேர்ந்திருக்க, பக்கவாட்டில் உருண்டீர்கள். எட்டு வருடத்தில் உடம்பு எதையும் மறக்கவில்லை. எழுந்திருப்பதில்தான் கோளாறு. ஒவ்வொரு முறையும் கையைத் தரையில் ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"என்ன அத்தான், கால் வலிக்குதா?"

"வலியாவது ஒண்ணாவது. வண்டி உயரம் பத்தல, அதான்."

மறுநாள் பம்பு ஷெட்டுக்குப் பின்னால் வந்தேன். அடுப்புக் கூட்டி நொச்சியைக் கொதிக்க வைத்து, துணியில் முக்கி முழங்காலில் ஒற்றிக்கொண்டிருந்தீர்கள். பட்டாளத்திலேயே பட்ட அடி. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை என்றீர்கள்.

"என்ன செய்றீக அத்தான்? இந்தக் காலை வச்சுக்கிட்டா குதிக்கப் போறீக?"

"அக்காகிட்ட மூச்சு விட்றாத. அவளுக்குத் தெரிஞ்சா விட மாட்டா. நீயா என்னயத் தடுக்கப் போற?"

தடுத்திருக்க வேண்டியவன் நான்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வடக்கே வந்தீர்கள். டாக்டர் உங்களை நடக்கவிட்டுப் பார்த்து, சரி என்று அனுப்பிவிட்டார். தரைப்பயிற்சி முடிந்து, இந்த ஆள் குதிக்கலாமா கூடாதா என்று எழுதுகிற தாள் என் கையில் இருந்தது. முந்தின நாள்தான் ஒரு பஞ்சாபி ஹவில்தாரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். உருண்டபின் எழுந்திருக்கத் தாமதம், அவ்வளவுதான் அவர்மேல் குறை. கெஞ்சினார், வைதார். நான் அசையவில்லை. தரையில் காற்று இருந்தால் இறங்கியவன் உடனே எழுந்து ஓடிப் பாராசூட்டைச் சுற்றிப்போய் அமுக்க வேண்டும், இல்லையென்றால் அது ஆளை இழுத்துப்போகும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

உங்கள் தாளுக்கு வந்தபோது பேனா நகரவில்லை. எங்கள் வீட்டில் பெண்ணெடுத்தவர். நீங்கள் சாப்பிட வந்தால் என் அப்பாவே எழுந்து நிற்பார். தண்ணீர் ஊற்றிக் கழுவிய காலை, அது ஆகாத கால் என்று நாலு பேர் முன்னால் நான் எழுதுவதா? ஊரில் என்ன பேசுவார்கள்? நீங்கள் என் முகத்தில் விழிப்பீர்களா? இதைத்தான் யோசித்தேன் அத்தான். உங்கள் உயிரை யோசிக்கவில்லை. "குதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கீழே நின்று பார்த்தேன். விமானத்திலிருந்து நன்றாகத்தான் வெளியே வந்தீர்கள், நன்றாகத்தான் விரிந்தது. கால்கள் சேர்ந்திருக்க, கற்றுக்கொடுத்தபடியே இறங்கி உருண்டீர்கள். பிறகு கையை ஊன்றினீர்கள். அதற்குள் காற்று வந்துவிட்டது. பாராசூட் புடைத்து உங்களை உழவு நிலத்தில் இழுத்துக்கொண்டு போனது. நான் ஓடினேன். வரப்போரம் ஒரு கல் நட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாராசூட் அடங்கிக் கிடந்தது. நீங்களும்தான்.

அதற்குப் பிறகு நான் குதிக்கவில்லை. யாருக்கும் எந்தத் தாளும் எழுதவில்லை. சாமான் அடுக்குகிற கிட்டங்கியில் வேலை கேட்டு வாங்கி, காலம் முடிந்ததும் ஊருக்கு வந்து, உங்கள் நிலத்தில் கடலை போடுகிறேன். எல்லோரிடமும் காற்று என்றுதான் சொன்னேன். அக்கா இன்றுவரை காற்றைத்தான் வைகிறாள். ஆடி மாதம் வந்தால் சன்னலை எல்லாம் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இவ்வளவு எழுதும்போதே கூப்பிட்டாள். போய்த் துணியைப் பிழிந்து அவள் முழங்காலில் வைத்தேன்.

"உங்க அத்தானுக்கு இந்த வலியெல்லாம் என்னன்னே தெரியாதுடா. இரும்புக் காலு அவுகளுக்கு" என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பிறகு, "ஏன்டா கைய எடுத்துட்ட?" என்றாள்.

"சூடு தாங்கலக்கா" என்றேன்.

சொல்ல வாய் வரவில்லை. இனியும் வராது. அந்தத் தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஆயுசுக்கும் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள். நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். போயிருந்தால்தான் என்ன அத்தான்? இந்த வீட்டுக்குள்தானே போயிருப்பீர்கள்.