ஏணியில் ஏறியதுமே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

போன லீவு நாளில் அறையில் எல்லோரும் உம்மென்று இருந்ததால் வெல்டர் அண்ணன் ஒரு சிரிப்புப் படம் போட்டார். அப்பாவுக்குப் பிடித்த அதே படம். மாப்பிள்ளை ஏணியில் ஏறியதுமே நான் சிரித்துவிட்டேன். அவன் விழ இன்னும் நேரமிருந்தது. சமையல்காரர் கடுப்பாகிவிட்டார். "விழறதுக்கு முன்னாடியே சிரிச்சா நாங்க எதுக்குய்யா படம் பார்க்கணும்?" நீ அப்பாவைத் திட்டுவாயே, அப்படியே அதேதான். பிறகு கண்ணில் தூசி என்று சொல்லி முகம் கழுவப் போனேன். வேறொன்றுமில்லை, கவலைப்படாதே.

அப்பாவின் ஸ்வெட்டர் சும்மாதானே கிடக்கிறது, அனுப்பி வை. இங்கே குளிர் அதிகம்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும். அப்பாவை எடுக்கும்போதுகூட வர முடியாதவன் சொல்கிறானே என்று நினைக்காதே. அவர் போனதிலிருந்து நீ டிவியே போடுவதில்லை என்று தங்கை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணிப் பக்கத்தில் வைத்துக்கொள். ஏணி வந்ததும் நான் முந்திக்கொண்டு சிரிக்கிறேன். நீ வழக்கம்போலத் திட்டு.

உன் மகன்