வளையம் போடாதவை

என் காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. கட்டு மாற்ற நேற்று மேடவாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த டாக்டர் பெண், "இந்த மருந்துக்கும் கேக்கல டீச்சர். வேற மாத்திப் பார்ப்போம்," என்றாள். புதுக் கட்டின் மருந்து வாடையோடு ஆட்டோவில் திரும்பும்போது, வழியெல்லாம் உன் ஞாபகம்தான்.

எண்பதுகளின் கடைசி. நீ தாம்பரத்தில் கல்லூரி விரிவுரையாளர். நான் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர். விடுமுறை நாட்களில் வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறிக் கோவளம் போவோம். முகத்துவாரத்தில் நீ உன் பாக்டீரியா ஆய்வுக்காகச் சேற்றைச் சின்னப் பாட்டில்களில் அள்ளுவாய். மீன்கார அக்கா ஒருத்தி நம்மை விடவே மாட்டாள்.

"இன்னாம்மா, நல்ல வஞ்சிரம் கீது. அத்த வுட்டுட்டு சேத்த அள்ளிகினு போறீங்க? வூட்ல கொழம்பு வெப்பீங்களா?"

"ஆமாக்கா, புளி கொஞ்சம் தூக்கலா," என்பாய் நீ.

அந்தச் சேற்றில்தான் அந்த ஒரு பாக்டீரியா கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் அடங்காத சீழ்க்கிருமியை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நடுவில் உன் கடல் பாக்டீரியாவைப் பொட்டாக வைத்திருந்தாய். மறுநாள் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம். அதற்குள் ஒரு கிருமியும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். தன் இடத்தைக் காக்க அது சுரப்பது நமக்கு மருந்தாகலாம். "இது ஒண்ணு நிலைச்சா போதும்டி," என்றாய்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. ஞாயிறும் சேர்ந்த நீண்ட விடுமுறை. திரும்பி வந்தபோது உன் கல்லூரி ஆய்வகத்து ஃபிரிட்ஜ் பளபளவென்று, சந்தனமும் குங்குமமுமாக நின்றது. உள்ளே வெதுவெதுப்பு. உருகிய தண்ணீரில், உன் பாக்டீரியாவை வைத்திருந்த சோதனைக் குழாய்களின் பஞ்சு அடைப்புகள் ஊறி, எல்லாவற்றிலும் பூஞ்சை.

"பூஜையன்னிக்கு மெஷினுக்கெல்லாம் லீவு வுடணும் இல்லியாம்மா? அதான் இதயும் நிறுத்தி, தொடச்சு, பொட்டு வெச்சேன்," என்றார் அட்டெண்டர் அண்ணன், மனநிறைவோடு.

நீ அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கண்ணா," என்றாய். வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் அழுதாய்.

அதன்பின் அதே முகத்துவாரம், அதே சேறு, வருஷக்கணக்காக. எத்தனையோ பாக்டீரியாக்கள் வளர்ந்தன. ஒன்றுகூட வளையம் போடவில்லை. தட்டுகளைக் கொதிக்க வைத்துக் கழுவிக் கவிழ்ப்போம். அடுத்த விடுமுறைக்கு மறுபடி பஸ். எனக்கு முதலில் அலுத்தது. உனக்கும் அலுத்திருக்கும், சொல்லவில்லை. பக்கத்தில் நடந்து வருவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நீ படுக்கையில் விழுந்தாய். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், தூங்குகிறாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினாய்.

"நாம அந்த பாக்டீரியாவுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டோம். சண்டைக்கு வர ஆளே இல்லாம தனியா வளர்த்தோம். அப்புறம் அது எதுக்குடி மருந்து சுரக்கணும்?"

"பேசாம தூங்கேன்."

"ஒருவேளை திரும்பக் கிடைச்சிருக்கும். பலதடவை கிடைச்சிருக்கும். வளையம் போடலைன்னு நாமளே கழுவிட்டோமோ?"

நான் உன் தலையணையைச் சரிசெய்தேன். நீ போய் இத்தனை வருஷம் ஆகிறது. உன் கேள்வியை மட்டும் வைத்திருக்கிறேன். இந்த வயதில் அது கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இறக்கி வைக்க மனம் வரவில்லை.