ஒரு பக்கம் திறக்கும் கதவு

மார்ச் 3

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் கடிதம் தொடங்கவும் வரவில்லை. இன்னும் உன் அண்ணன் வீட்டில்தான் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் அலுவலகம் புது வேலை ஒன்று கொடுத்திருக்கிறது. நம் மகள் வாலுவை எரித்த அதே தகன மண்டபம். மாட்டேன் என்று வாய் வரை வந்தது, ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தொண்ணூறு வருடக் கட்டடம். துக்கத்தோடு வருகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று புகைபோக்கியை மணிக்கூண்டுக்குள் ஒளித்துக் கட்டியிருக்கிறார்கள். அன்று நாம் அண்ணாந்து மணி பார்த்தோமே, அது புகைபோக்கி.

நினைவுத் தோட்டத்துச் சுவரில் அவள் பெயர்ப்பலகையைத் துடைத்தேன். 'வயது ஒன்பது' என்பதில் ஒன்பது மங்கிவிட்டது. புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே நான் ஒண்டிக்கட்டை. பால் தினமும் பொங்கி வழிகிறது. அன்று நீ என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனதை எப்போதோ மறந்துவிட்டேன். ஆறு வருடம் போதும், வந்துவிடேன்.

வாலு அப்பா

மார்ச் 12

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் எழுத்து முன்பைவிடப் பெரிதாகிவிட்டது, கண்ணாடியை மாற்றுங்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள். பாலுக்கு அடுப்பைச் சிறிதாக வைத்தால் போதும், நான் வர வேண்டியதில்லை.

பலகையைத் துடைத்ததற்கு நன்றி. ஆனால் நானா விட்டுவிட்டுப் போனேன்? பெட்டி உள்ளே போனதும், அவளுடைய ஸ்வெட்டர் முன்னறை பெஞ்சில் கிடப்பது நினைவு வந்து எடுக்க ஓடினேன். நீங்கள் வருவீர்கள் என்று நாம் வந்த வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். அடுத்த குடும்பமே வந்துவிட்டது. "அவரு எப்பவோ போயிட்டாரும்மா, வா" என்று அண்ணன்தான் கூட்டிப்போனார். என் போன் உங்கள் பையில் இருந்தது. மறுநாள் கூரியரில் வந்தது, உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எந்த மனதோடு நான் திரும்பி வருவேன்?

வாலு அம்மா

மார்ச் 20

என் வாலு அம்மா,

நான் போகவே இல்லை! உன் கடிதத்தைப் படித்ததும் பழைய வரைபடங்களை எல்லாம் விரித்துப் போட்டேன். இந்தக் கட்டடத்துக்கு வருகிற வாசல் ஒன்று, போகிற வாசல் ஒன்று. மண்டபத்திலிருந்து பின்னால் தோட்டத்துக்குப் போகும் நடுக்கதவு ஒரு பக்கம்தான் திறக்கும், தாண்டினால் திரும்ப முடியாது. கட்டியவரே ஓரத்தில் எழுதியிருக்கிறார்: 'வருகிறவர்கள் கண்ணில் போகிறவர்கள் படலாகாது.'

"இப்படி வாங்கய்யா, அம்மா பின்னாலயே வருவாங்க" என்று ஊழியர் என்னைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினார். சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். என் மேல் கோபித்துக்கொண்டு அண்ணனோடு போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒரே ஒரு சுவர்!

வேலை முடிந்து மண்டபத்தை ஏப்ரல் 6 ஞாயிறு மறுபடி திறக்கிறோம். காலை பத்து மணிக்கு வருகிற வாசலில் நிற்பேன். வா, சேர்ந்து வீட்டுக்குப் போகலாம்.

உன் வாலு அப்பா

ஏப்ரல் 5

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நாளைக்கு வரச் சொன்னீர்கள், இன்றே வந்துவிட்டேன். "இன்னும் திறக்கலம்மா" என்ற காவலாளி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். நீங்கள் போகவில்லை என்று தெரிந்ததில் எவ்வளவு நிம்மதி! பிறகுதான் யோசித்தேன். இன்று அந்தச் சுவரைச் சுற்றி நடந்து பார்த்தேன். பத்து நிமிடம் ஆகிறது. அன்று நீங்களும் நடக்கவில்லை, நானும் நடக்கவில்லை. ஆறு வருடமாக 'எங்கே போனாய்' என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டடத்தின் மேல் பழி போடாதீர்கள். 'வாலு சாப்பிட்டாளா, வாலு தூங்கிட்டாளா' என்பதைத் தவிர நாம் வேறென்ன பேசியிருக்கிறோம்? அவளோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருக்க என்னால் முடியாது.

அன்று பாதியில் விட்டதை இன்று முடித்தேன். நடுக்கதவைத் தாண்டினேன், அது பின்னால் மூடிக்கொண்டது. அவள் பலகையில் ஒன்பதைத் தொட்டுப் பார்த்தேன், அழகாக எழுதியிருக்கிறார்கள். போகிற வாசல் வழியாகவே போகிறேன்.

நாளை நீங்கள் வீணாக நிற்கக் கூடாதென்று இதைக் காவலாளியிடம் கொடுக்கிறேன். கூடவே ஸ்வெட்டர். இத்தனை நாள் என்னிடம் இருந்தது, இனி உங்களிடம் இருக்கட்டும். மேல் பொத்தான் இருக்காது. தைத்துவிடாதீர்கள், அவள் கடித்துப் பிய்த்தது.

வாலு அம்மா